சான்சலரின் பொய்ம்முடி

ஆங்கில மொழியிலே செல்வாக்கு மிக்க பெரியோரை எள்ளல் கலந்து சுட்டுதற்கு வழங்கும் 'பிக்விக்' என்னுஞ் சொல்லின் நேர்ப்பொருள் பெரிய பொய்ம்முடி என்பதாகும். தலைமேல் ஏறிய மயிர்த்தொகுதியின் பருமனைக் கொண்டே ஒருவருடைய தகுதி மதிக்கப்பட்ட ஒரு காலம் இங்கிலாந்திலே இருந்தது என்பதற்கு அச்சொல் எஞ்சி நிற்கும் சான்றாகும். அக்காலம் கழிந்து, மக்கள் தத்தம் இயற்கை மயிரோடு நடமாடத் தொடங்கிய பின்னரும், நீதிமன்றம் மட்டும் பொய்ம்முடியைக் கைவிடவில்லை. பேச்சு வழக்கிலே டோப்பா எனப்படும் இப்பொருளை நாடக மேடைக்கே உரியதென்று கருதுவோர் பலர். மேடைக்கு வெளியே, நகைப்புக்குச் சிறிதும் இடங்கொடாத நீதிபீடத்திலே அஃது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வீற்றிருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நீதிபீடத்தின் முடியும் நாடக மேடையின் முடியும் ஒன்றாய்ச் சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1882ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் மாநகரின் சவோய் அரங்கிலே முதன்முதலாக நடிக்கப்பெற்ற 'அயொலாந்தி' என்னும் நகைச்சுவை இசைநாடகத்திலே, லோட் சான்சலராகத் தோன்றிய நடிகரின் தலையே அவ்விடம்.

அந்நாடகத்தின் வசனத்தையும் பாடல்களையும் இயற்றியவர் கில்பேட், இசையமைத்தவர் சலிவன், அரங்கை எழுப்பி நாடகத்தை நடத்தியவர் டொயிலி காட். இம்மூவர் கூட்டில் எழுந்த இசைநாடகங்களுள்ளே இது 398 முறை தொடர்ந்து நடிக்கப்பெற்ற பெருமையுடையது. இலண்டனில் அரங்கேறிய அதே நாளில் நியூயோர்க்கிலும் இஃது அரங்கேறியது. கதை விசித்திரமானது. தேவமகளாகிய அயொலாந்தி மானிடன் ஒருவனை மணந்தாள். அக்குற்றத்திற்குரிய தண்டனை மரணம். ஆயினும் தேவமகளிரின் அரசி இரக்கங்கொண்டு அதனை நாடுகடத்தலாகக் குறைத்தாள். அயொலாந்தியின் மகன் இடைவரை தேவனும் இடைக்குக் கீழே மானிடனுமாயினான். அவன் காதலிக்கும் பெண்ணோ, சான்சரி நீதிமன்றத்தின் பாதுகாப்பிலுள்ள ஓர் அநாதை. அவளைப் பிரபுக்கள் சபை முழுவதும் காதலிக்கின்றது. அவளுடைய பாதுகாவலராகிய லோட் சான்சலரும் காதலிக்கின்றார். அவர்தாம் அயொலாந்தியின் கணவர் என்பதும், இளைஞன் அவருடைய மகன் என்பதும் இறுதியிலே வெளிப்படுகின்றன.

இக்கதையின் நகைச்சுவை முழுதும் புலப்பட வேண்டுமாயின் லோட் சான்சலர் என்னும் பதவியின் இயல்பை அறிதல் வேண்டும். அரசின் பெருமுத்திரையைக் காப்பவர் அவர். பிரபுக்கள் சபையிலே கம்பளி மூட்டையாகிய ஆசனத்தில் அமர்ந்து தலைமை தாங்குபவர் அவர். அமைச்சரவையின் உறுப்பினரும் அவர். நீதித்துறையின் தலைவரும் அவரே. சட்டம் இயற்றுவதும், அதனை நடைமுறைப்படுத்துவதும், அதன்படி தீர்ப்பளிப்பதுமாகிய மூன்று தொழில்கள் ஒருவரிடத்திலேயே குவிந்திருந்தமை அரசியல் நூலோர்க்கு வியப்பளித்த செய்தியாகும். இவற்றிற்கு மேலாக, தந்தை தாயற்ற சொத்துடைய சிறாரைக் காக்கும் பொறுப்பும் சான்சரி நீதிமன்றத்தைச் சார்ந்திருந்தது. அத்தகைய பெண்ணொருத்தியை மன்றத்தின் இசைவின்றி மணப்பவன் மன்றத்தை அவமதித்தவனாவான். சான்சரி வழக்குகளின் முடிவற்ற நீட்சியை டிக்கின்ஸ் 1852இலும் 1853இலும் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' என்னும் நாவல் ஆங்கில வாசகர் அனைவர்க்கும் அறியத் தந்திருந்தது. 1873ஆம் 1875ஆம் ஆண்டுச் சட்டங்கள் சான்சரியை உயர்நீதிமன்றத்தின் ஒரு பிரிவாக மாற்றியிருந்தபோதிலும், சவோய் அரங்கிலே அமர்ந்திருந்தோருக்கு அந்தப் பழைய மன்றத்தின் அச்சமும் சலிப்பும் மறந்துவிடவில்லை.

இனிப் பொய்ம்முடியின் வரலாற்றை நோக்குவாம். பிரான்சிய மன்னன் பதின்மூன்றாம் லூயி இளமையிலேயே மயிரிழந்து பொய்ம்முடி தரித்தான் என்பர். அவன் மகன் பதினான்காம் லூயியின் அவையிலே அது பெருவழக்காயிற்று. பிரான்சிலே அகதியாக வாழ்ந்த இரண்டாம் சாள்ஸ் 1660ஆம் ஆண்டு முடிசூடத் திரும்பியபின், அவனுடைய அவை வழியே இவ்வழக்கம் இங்கிலாந்திலும் பரவிற்று. நாட்குறிப்பெழுதிய சாமுவேல் பீப்ஸ் 1663ஆம் ஆண்டு நவம்பரிலே தம் மயிரைக் களைந்து பொய்ம்முடி தரித்தார். இரண்டாண்டு கழித்து இலண்டனைக் கொள்ளைநோய் பீடித்தபோது, நோயால் இறந்தோர் தலையிலிருந்து வெட்டிய மயிராயிருக்குமோ என்னும் அச்சத்தால் இனி எவரும் பொய்ம்முடி வாங்கத் துணியார் என்று அவர் ஐயுற்று எழுதினார். அந்த ஐயம் பலிக்கவில்லை. நோயினும் நாகரிகம் வலியது போலும்.

இதிலே கவனிக்கத்தக்கது யாதெனின், நீதிபதிகள் இவ்வழக்கத்தை முதலிலே ஏற்றவர்களல்லர் என்பதேயாம். 1680களின் தொடக்கத்திலே தீட்டப்பெற்ற நீதிபதிகளின் உருவப்படங்கள் அவர்களை இயற்கை மயிரோடே காட்டுகின்றன. ஏறத்தாழ 1685ஆம் ஆண்டளவிலேதான் அவர்கள் யாவரும் பொய்ம்முடிக்கு மாறினர். இன்று தொன்மையின் சின்னமாகவும் சட்டத்தின் மாறாமைக்கு அடையாளமாகவும் போற்றப்படும் ஒன்று, ஒரு காலத்திலே நீதிபதிகள் தயங்கித் தயங்கி ஏற்றுக்கொண்ட புது நாகரிகமாகவே இருந்தது. மரபு என்று கொண்டாடப்படுவனவற்றுள் எத்தனை இவ்வாறு பிறந்தனவோ!

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பொய்ம்முடி பொதுமக்களிடையே மங்கத் தொடங்கியது. 1795ஆம் ஆண்டு பிரதமர் பிற் மயிர்த்தூளின்மீது ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தமை அதன் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது. வரியை வெறுத்தோர் தூளிடுவதை விடுத்து மயிரைக் குறுகக் கத்தரித்துக்கொண்டனர். ஆயர்கள் 1830களிலே அரச இசைவுபெற்றுப் பொய்ம்முடியைக் களைந்தனர். வண்டியோட்டிகளையும் சில பெருமனைப் பணியாளரையும் தவிர நீதித்துறையினர் மட்டுமே எஞ்சினர். அவர்களுள்ளும் விடுதலை வேண்டினோர் இல்லாமலில்லை. நெடுங்காலம் லோட் சான்சலராயிருந்த எல்டன் பிரபு, தலைவலியைக் காரணங்காட்டி மன்றத்துக்கு வெளியே பொய்ம்முடியின்றிச் செல்ல மூன்றாம் ஜோர்ஜ் மன்னனிடம் இசைவு கேட்டார் என்றும், தன் காலத்திலே புதுமைகளுக்கு இடமில்லை என மன்னன் மறுத்துவிட்டான் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. நூறாண்டுக்கு முன்னே அந்த முடியே புதுமையாய் இருந்தது என்பதை மன்னனுக்கு எவரும் எடுத்துரைத்ததாகத் தெரியவில்லை.

நீதித்துறையின் பொய்ம்முடி இத்துணைக் காலம் நிலைபெற்றதற்கு ஒரு கைவினைஞரின் கண்டுபிடிப்பும் காரணமாகும். அதுகாறும் பொய்ம்முடி மனித மயிராற் செய்யப்பட்டது. அதற்கு நாடோறும் நறுநெய் பூசித் தூளிட்டுச் சுருள்களைத் திருத்த வேண்டும். தூள் உதிர்ந்து அங்கியெல்லாம் வெண்மையாகும். பேணும் செலவும் மிகுதி. 1822ஆம் ஆண்டு ஹம்பிறி றேவன்ஸ்குறொவ்ற் என்பார் வெண்ணிறக் குதிரைமயிராற் செய்த முடிக்குத் தனியுரிமை பெற்றார். அதன் சுருள்கள் குலையமாட்டா. நெய்யும் தூளும் வேண்டா. குதிரைமயிரைத் தெரிந்தெடுத்து, கழுவி, நூலிழைகளிற் சடையாக நெய்து, சிறு கோல்களிற் சுற்றிச் சூடேற்றிச் சுருளாக்கி, தலையளவுக்கு அமைந்த வலைத்தளத்தின்மேல் வரிசை வரிசையாகத் தைத்து உருவாக்குவது அம்முறை. வழக்கறிஞர் அணிவது நெற்றிக்கு மேலே சுருண்ட பரப்பும், பின்னும் பக்கமும் சுருள் வரிசைகளும், பிடரியிலே தொங்கும் இரு வால்களும் உடைய சிறு முடி. நீதிபதிகள் அன்றாடம் அணிவது அதனினும் எளியது. சான்சலருக்கும், சடங்கு நாள்களிலே உயர் நீதிபதிகளுக்கும் உரியதோ இரு காதுகளையும் மூடித் தோள்வழியே மார்பின் இருமருங்கும் விழும் நெடுமுடியாகும். இரண்டாம் சாள்ஸ் காலத்து அரசவை முடி அழியாது எஞ்சிய வடிவம் அது.

நாடக மேடைக்குரிய முடி இதற்கு நேர்மாறான நோக்கமுடையது. அதன் கலை மறைத்தலிலே தங்கியுள்ளது. நடிகனின் தலையளவை எடுத்து, அவ்வளவுக்கேற்ற மரத்தலையின்மீது மெல்லிய வலையை விரித்து, நுண்ணிய கொக்கியினால் ஓரிரு மயிராக எடுத்து வலைக்கண்ணிலே முடிந்து முடிந்து நிரப்புவர். நெற்றியிலே முடி தொடங்கும் விளிம்பு சாயத்தினால் மறைக்கப்படும். மயிர் தலையிலே முளைத்ததென்று பார்ப்போர் நம்பினாற்றான் அம்முடி வெற்றிபெற்றதாகும். இக்கலையிலே அக்காலத்து இலண்டனில் வில்லி கிளாக்சன் என்பார் பெரும்புகழ் பெற்றிருந்தார். அவர் வாடோர் வீதியிலே எழுப்பிய கடைக்கு 1904இல் அடிக்கல் நாட்டியவர் பிரான்சிய நடிகை சாரா பேணாட். 1905இல் அதன் உச்சிக்கல்லை வைத்தவர் ஆங்கில நடிகர் ஹென்றி ஏர்விங். முடி செய்பவனை நடிகர் உலகம் எவ்வளவு மதித்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சவோய் அரங்கிலே மறைப்பது எளிதுமன்று. 1881ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் திறக்கப்பெற்ற அவ்வரங்கு, முழுவதும் மின்னொளி பெற்ற முதற் பொதுக் கட்டடம் எனப் பெயர்பெற்றது. ஏறத்தாழ 1,200 மின்விளக்குகள் அங்கே எரிந்தன. ஆடி அசையும் மஞ்சள் வாயுவொளியிலே தப்பிவிடும் குறை, அசைவற்ற மின்னொளியிலே தப்பாது. 'அயொலாந்தி'யிலே முதன்மையான தேவமகளிர் தம் கூந்தலிலே மின்கலத்தால் ஒளிரும் சிறு விளக்குகளைச் சூடி வந்தனர். தலை என்னும் உறுப்பு அந்நாடகத்திலே பெரிதும் கவனிக்கப்பட்டது என்றே சொல்லல் வேண்டும்.

இங்கேதான் சான்சலரின் முடி ஏனைய மேடை முடிகளினின்றும் வேறுபடுகின்றது. அது தன்னை மறைக்கக் கூடாது. பொய்ம்முடி என்றே தோன்றுதல் வேண்டும். பொய்யை மெய்போலக் காட்டும் கலைஞனுக்கு, பொய்யைப் பொய்யாகவே, ஆனாற் பிழையின்றிக் காட்டும் பணி வந்து வாய்த்தது. அது சிறிதளவு பெருத்தோ கோணியோ இருந்துவிட்டால், பார்ப்போர் நடிகனின் கோமாளித் தலையைக் கண்டு சிரிப்பர். அச்சிரிப்பு அங்கேயே முடிந்துவிடும். பிழையற்ற முடியாயின், அவர்கள் சிரிப்பது மறுநாட் காலையிலும் வெஸ்மின்ஸ்ரரிலே காணக்கூடிய ஒரு பொருளைக் கண்டேயாம். நகைச்சுவையின் இலக்கு நடிகனிலிருந்து பதவிக்கு மாறுவது இவ்வாறுதான்.

இந்நுட்பத்தைக் கில்பேட் நன்குணர்ந்திருந்தார். 1836ஆம் ஆண்டு பிறந்த அவர் 1863ஆம் ஆண்டு பாரிஸ்ரராகி, தாமே குதிரைமயிர் முடி தரித்து மன்றேறியவர். அத்தொழிலிலே அவர்க்கு வாய்த்த வெற்றி சொற்பமே. அவர் காப்பாற்ற முயன்ற பெண்ணொருத்தி, தண்டனை பெற்றதும், தனக்காக வாதாடிய அவர்மீதே சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள் என்று ஒரு கதையும் உண்டு. வழக்குகள் வாராத நேரத்திலே அவர் நகைச்சுவைப் பாட்டுகளையும் சித்திரங்களையும் இதழ்களுக்கு எழுதினார். இவ்வாறு சட்டத்தை உள்ளிருந்து கண்டவர் அவர். மேடையமைப்பிலும் அவர் காட்டிய கண்டிப்புப் பேர்போனது. 1878ஆம் ஆண்டு கப்பலைக் களமாகக் கொண்ட 'பினபோர்' நாடகத்துக்காகப் போட்ஸ்மவுத் துறைமுகம் சென்று, நெல்சனின் 'விக்ரறி' கப்பலில் ஏறிக் கயிறும் பாய்மரமும் தளமும் வரைந்து வந்தார். கேலிநாடகத்தை நடிப்போர் தாம் கேலிக்குரியன செய்கின்றோம் என்பதைச் சற்றும் அறியாதவர் போன்று, முழுக்கவனத்தோடும் ஈடுபாட்டோடும் நடித்தல் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. உடையும் முடியும் அந்நெறிக்கு உட்பட்டவையே.

நீதிபதியை மேடையேற்றுவதும் அவர்க்குப் புதிதன்று. 1875ஆம் ஆண்டு மார்ச்சிலே அரங்கேறிய 'ஜூரி விசாரணை'யில் நீதிபதியாக நடித்தவர் இசைப்புலவரின் தமையனார் பிரெட் சலிவன். அவர் அக்காலப் பிரதம நீதியரசர் சேர் அலெக்சாண்டர் கொக்பேணின் சாயலிலே ஒப்பனை செய்துகொண்டார். கொக்பேண் சலிவனின் இசையை விரும்பியவர். எனினும் அந்நாடகத்தை ஒருமுறை பார்த்தபின், மீண்டும் சென்றால் நீதிபீடத்தை இகழ்வதற்குத் தாமே ஊக்கமளித்ததாகும் என்று கருதிச் செல்லாதிருந்தார் எனக் கூறுவர். அங்கே சிரிப்பு ஒரு மனிதரின் முகத்தைத் தொட்டது. ஏழாண்டு கழித்து வந்த 'அயொலாந்தி' அவ்வழியை விட்டுவிட்டது. 1882இலே உண்மையான லோட் சான்சலராயிருந்தவர் செல்போண் பிரபு. சமயப்பற்றும் ஆழ்ந்த புலமையும் உடையவர். கில்பேட் எழுதிய வசனத்திலே அவரைக் குத்தும் வரி எதுவுமில்லை. முடி யாருடைய தலையிலும் பொருந்துவதாகவே அமைந்தது. கேலியாக நோக்கின் இது முந்தையதினும் மென்மையானது. ஆராய்ந்து நோக்கின் முந்தையதினும் ஆழமானது.

அந்த முடியை முதலில் தரித்து மேடையேறியவர் ஜோர்ஜ் குறோசிமித். இளமையிலே இலண்டன் போ வீதி நீதிமன்றத்தின் செய்தியாளராக வேலைபார்த்தவர். ஆகவே எழுதியவரைப் போலவே நடித்தவரும் மன்றத்தைக் கண்ணாரக் கண்டவர். பின்னாளிலே தம்பியோடு சேர்ந்து 'ஒன்றுமில்லாதவன் ஒருவனின் நாட்குறிப்பு' என்னும் புகழ்பெற்ற நகைச்சுவை நூலை 1892இல் வெளியிட்டவரும் இவரே. மெலிந்த சிற்றுடல், துள்ளும் கால்கள், மூச்சுவிடாது சொற்களை உருட்டும் நாக்கு ஆகியவை அவரது செல்வம். அச்சிற்றுடலின்மேல் பெருமுடியும், பொன்சரிகை இட்ட கறுப்பு அங்கியும் ஏறின. அரசாங்கத்தின் முழுப்பாரமும் ஒரு குருவியின்மேல் ஏறியது போன்ற தோற்றம் அது. பிரபுக்கள் கிரீடங்களோடும் மேலங்கிகளோடும் எக்காளம் முழங்க அணிவகுத்து வந்து நின்ற பின்னர், அவர்கள் அனைவர்க்கும் தலைவராக அவர் வருகின்றார். வந்ததும், அழகிய இளம்பெண்களை நாடோறும் பிறருக்கு மணஞ்செய்து கொடுக்கும் தம் தொழிலின் துன்பத்தைப் பாடுகின்றார்.

இதன்பின் எழும் சிக்கல் வெறும் வேடிக்கையன்று. தம் பாதுகாப்பிலுள்ள பெண்ணைத் தாமே மணக்கச் சான்சலர் விரும்புகின்றார். அதற்குச் சான்சலரின் இசைவு வேண்டும். தமக்குத் தாமே இசைவளிக்கலாமா? இசைவின்றி மணந்தால் தம்மைத் தாமே மன்ற அவமதிப்புக்காகத் தண்டிக்கலாமா? தம் முன்னிலையிலே தாமே வழக்கறிஞராகத் தோன்றித் தமக்காக வாதாடலாமா? பிறர் பொருளைக் காக்கும் பொறுப்பாளன் அப்பொருளினின்று தான் நன்மை பெறலாகாது என்பது சான்சரி மன்றமே நூற்றாண்டுகளாக வகுத்து வளர்த்த கொள்கை. அக்கொள்கையை வளர்த்த மன்றத்தின் தலைவர்மீதே அதனைத் திருப்பிவிட்டமை கில்பேட்டின் கூர்மை. பொய்ம்முடி இங்கே தன் உண்மையான தொழிலைக் காட்டுகின்றது. அதற்கு மேலே பதவி; அதற்குக் கீழே மனிதன். நீதிபதி முடி தரிப்பதன் கருத்து, தீர்ப்புரைப்பது இன்ன பெயருடைய ஆள் அன்று, சட்டமே என்று காட்டுதல் எனச் சட்டத்துறையினர் கூறுவர். கீழேயுள்ள மனிதன் காதல்வயப்பட்டு, உறக்கமிழந்து, கெட்ட கனாக்களைப் பற்றி முழு விரைவோடு பாடத் தொடங்கும்போது, அக்கூற்று எவ்வளவு தூரம் தாங்கும் என்னும் கேள்வி மண்டபத்திலே எழுகின்றது. இப்பாடல் கில்பேட் இயற்றிய விரைவுப் பாடல்களுள் மிகக் கடினமானதெனப் பலராலும் கருதப்படுவது. காதுகளை மூடி நிற்கும் முடியோடு, இசைக்குழுவின் ஓசையைத் தவறவிடாது அதனைப் பாடி முடிப்பது நடிகனுக்கு ஒரு சோதனையே.

முடிவும் சட்டத்தாலேயே வருகின்றது. மானிடரை மணக்கும் தேவமகள் சாக வேண்டும் என்பது சட்டம்; அதற்குள் தேவமகளிர் அனைவரும் பிரபுக்களை மணந்துவிட்டனர்; அனைவரையும் கொல்ல அரசிக்கு மனமில்லை. சட்டவரைவிலே பழுத்த சான்சலர் அச்சட்டத்தை வாங்கிப் பார்த்து, மணவாத தேவமகளே சாக வேண்டும் என்று பொருள்படும்படி ஒரே ஒரு சொல்லைச் செருகிவிடுகின்றார். சிக்கல் தீர்ந்தது. பிரபுக்களுக்குத் தோளிலே சிறகு முளைக்க, யாவரும் தேவருலகம் செல்கின்றனர். ஒரு சொல்லாற் கொல்லவும் காக்கவும் வல்லது சட்டம் என்பதை மன்றத்திலே தோற்ற வழக்கறிஞர் ஒருவர் இதனினும் இனிதாக எழுதிவிட முடியாது.

அரங்கேற்றம் நிகழ்ந்து ஒன்பது நாள்களே கழிந்த நிலையில், டிசம்பர் 4ஆம் நாள், விக்டோரியா மகாராணியார் புதிய அரச நீதிமன்ற மாளிகையைத் திறந்துவைத்தார். அம்மாளிகை நிற்பது சவோய் அரங்கு நின்ற அதே ஸ்ராண்ட் வீதியிலே, நடந்து செல்லக்கூடிய தொலைவில். பெருமண்டபத்திலே மகாராணியார் மாளிகையின் திறவுகோலைச் செல்போண் பிரபுவிடம் கையளித்தார். சடங்குடையும் நெடுமுடியும் தரித்த நீதிபதிகள் சூழ்ந்து நின்றனர். பகலிலே அம்மண்டபத்தில் மெய்யான முடிகளைக் கண்டவர் எவரேனும் மாலையிலே சவோய்க்குச் சென்றிருப்பின், இரண்டிடத்தும் ஒரே முடியையே கண்டிருப்பார்.

கில்பேட்டின் கேலி பல்லில்லாதது, ஆளும் வகுப்பினரே அமர்ந்து கேட்டு மகிழ்ந்த கேலி எதைத் திருத்தப்போகின்றது என்று குறைகூறும் திறனாய்வாளர் உளர். அக்கூற்றை முற்றாக மறுத்தல் இயலாது. சலிவன் மறு ஆண்டே சேர் பட்டம் பெற்றார். கில்பேட் 1907இல் பெற்றார். அரசு அவர்களிடம் சினங்கொள்ளவில்லை. பிரபுக்கள் சபையின் தடையுரிமையை ஒடுக்கிய சட்டம் 1911ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே நிறைவேறியது. கில்பேட் அவ்வாண்டு மே மாதத்திலே காலமானார். அச்சட்டத்தைக் கொணர்ந்தது அரசியற் போராட்டமேயன்றிப் பாட்டன்று. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. பதவி வேறு, அதனைத் தாங்கும் மனிதன் வேறு என்னும் எண்ணத்தை மன்றேறாத பொதுமக்களுக்கு எளிதாக உணர்த்தியது எது? அரசியற் கட்டுரைகள் அதனைச் செய்தன. அக்கட்டுரைகளைப் படியாதோரிடத்துச் செய்தது அந்தக் குதிரைமயிர் முடியே. ஒரே நபர் சட்டமியற்றுபவரும் அமைச்சரும் நீதிபதியுமாயிருத்தல் பொருந்துமா என்னும் வினாவை மேடையிலே கேட்டுச் சிரித்த நாடு, அதற்கு விடைகூற நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

அந்நெடுங்காலத்திலே மேடை முடி மாறவில்லை. கில்பேட்டின் பாடல்களுக்கான பதிப்புரிமை 1961ஆம் ஆண்டு முடியும்வரை டொயிலி காட் குழுவினரே தொழின்முறையில் இந்நாடகங்களை ஆடும் உரிமை பெற்றிருந்தனர்; பழைய அசைவுகளையும் உடைகளையும் பெரிதும் பேணினர். குறோசிமித்தின் இடத்துக்கு ஹென்றி லிற்றன், மாட்டின் கிறீன், ஜோன் றீட் முதலியோர் வழிவழியாக வந்தனர். உரிமை நீங்கியதும், 1962ஆம் ஆண்டு ஜனவரியிலே சட்லேஸ் வெல்ஸ் இசைநாடகக் குழு முதலில் எடுத்து ஆடியதும் 'அயொலாந்தி'யே. டொயிலி காட் குழு 1982ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தன் இடையறாத ஆட்டத்தை நிறுத்தியது.

மெய்யான முடியோ தேயத் தொடங்கியது. 1992ஆம் ஆண்டு பொதுமக்கள் சபையின் சபாநாயகராகத் தெரிவான பெற்றி பூத்றோயிட் அம்மையார் முடி தரிக்க மறுத்தார். 1998ஆம் ஆண்டு லோட் சான்சலர் ஏர்வின் பிரபு, முழங்காற் சட்டையும் நீள்காலுறையும் முதலிய பழைய உடையின் சுமையைக் குறைக்குமாறு பிரபுக்கள் சபையை வேண்ட, அதன்மீது விவாதமும் வாக்கெடுப்பும் நடந்தன. நாடகக்காரர் எவரும் புனையத் துணியாத காட்சி! 2005ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம் லோட் சான்சலரிடமிருந்து நீதித்துறைத் தலைமையையும் பிரபுக்கள் சபைத் தலைமையையும் பிரித்தெடுத்தது. 2007ஆம் ஆண்டு அப்பதவியேற்ற ஜாக் ஸ்ட்ரோ பொதுமக்கள் சபையைச் சேர்ந்தவர். சடங்கங்கியை உடுத்தபோதும் முடியைத் தவிர்த்தார். 2008ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்தின் குடியியல் வழக்குகளிலே நீதிபதிகள் முடி தரிப்பதில்லை. குற்றவியல் மன்றங்களிலும் சடங்கு நாள்களிலும் அஃது இன்னும் நிலைக்கின்றது.

இவ்வரலாற்றின் மிக விந்தையான ஏடு அமெரிக்காவிலே எழுதப்பெற்றது. அந்நாட்டின் உயர்நீதிமன்றம் 1790ஆம் ஆண்டு நியூயோர்க்கிலே முதன்முதலாகக் கூடியபோது, நீதியரசர் வில்லியம் குஷிங் ஆங்கில முறைப்படி முடி தரித்து வந்தார் என்றும், தெருச் சிறுவர் கூடிப் பின்தொடர்ந்து கூச்சலிட்டமையால் அதனைக் கழற்றி எறிந்துவிட்டு மீண்டும் தரித்திலர் என்றும் கூறுவர். குடியரசுக்குப் பிரபுக்களின் மயிர் வேண்டாவாயிற்று. அங்கி மட்டும் எஞ்சியது. அதுவும் அணிகலனில்லாத கறுப்பாகவே வழங்கியது. இருநூறு ஆண்டு கழிந்து, 1995ஆம் ஆண்டிலே பிரதம நீதியரசர் வில்லியம் ரெஹ்ன்குவிஸ்ற் தம் அங்கியின் ஒவ்வொரு கையிலும் நான்கு பொன்னிறக் கோடுகள் தைக்கப்பெற்று நீதிபீடத்தில் அமர்ந்தார். அக்கோடுகளுக்குச் சட்டமோ மரபோ ஆதாரமன்று. கில்பேட், சலிவன் நாடகங்களிலே பெருவிருப்புடைய அவர், உள்ளூரிலே நடந்த 'அயொலாந்தி' ஆட்டமொன்றில் லோட் சான்சலர் உடுத்து வந்த அங்கியைக் கண்டு அதன்படி தைப்பித்தவை அவை. இங்கிலாந்தின் மன்றத்தைப் பார்த்துச் செய்த மேடை உடை, கடல் கடந்து மீண்டும் ஒரு மன்றத்துக்குள்ளே நுழைந்துவிட்டது. இம்முறை நகைப்பு எதுவுமின்றி.

1999ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் ஜனாதிபதி கிளின்ரன்மீது சாட்டப்பட்ட குற்றங்களைச் செனற் சபை விசாரித்தபோது, அதற்குத் தலைமை தாங்கிய ரெஹ்ன்குவிஸ்ற் அக்கோடுகளோடேயே அமர்ந்திருந்தார். உலக முழுதும் தொலைக்காட்சியிலே அவற்றைக் கண்டது. அவ்விசாரணையிலே தாம் ஆற்றிய பங்கைப் பற்றிப் பின்னர் வினவப்பட்டபோது, பிரபுக்கள் சபையின் செயலின்மையை எள்ளும் வரியொன்றை அதே இசைநாடகத்திலிருந்து எடுத்துத் தம்மைக் குறித்தே அவர் சொன்னார். 2005ஆம் ஆண்டு அவர் காலமானபின் அப்பதவிக்கு வந்த ஜோன் றொபேட்ஸ், கோடுகளில்லாத கறுப்பு அங்கியையே உடுத்தார்.